கை வைத்த படம்

மாடிப்பூ மன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. பூவின் படம் போட்டால் பக்கத்தில் ஒரு கை இருக்க வேண்டும். கை இல்லாத படத்தை, அது எப்பேர்ப்பட்ட பூவாக இருந்தாலும், சம்பத் ஈவிரக்கம் பார்க்காமல் தூக்கிவிடுவார்.

சம்பத் பூந்தமல்லிக்காரர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். செம்பருத்திப் பைத்தியங்கள் கூடிப் பேச இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று மன்றத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஆரம்ப நாட்களில் யாரோ ஒரு புண்ணியவான், தாய்லாந்துக்காரன் தோட்டத்துச் செம்பருத்தியை எங்கிருந்தோ சுட்டு, "என் மாடியில் இன்று காலை" என்று போட்டு, எல்லோரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டான். குட்டு உடைந்த மறுநாள் வந்தது இந்தச் சட்டம். கை இருந்தால் பூவின் அளவும் தெரியும், அது போட்டவர் வீட்டுப் பூதான் என்பதும் தெரியும். முகத்தைக் காட்ட வேண்டாம், கை போதும்.

கோவில்பதாகையில் இருக்கும் மனோகரன் போட்ட படங்களில் எல்லாம் இருந்தது ஒரு பெண்ணின் கை. கறுத்த, காய்த்துப் போன கை. கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பூவைப் பிடிக்காமல், கசக்காமல், பின்னால் இருந்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருக்கும். அது அவர் மனைவி கோமளாவின் கை. இது மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் மனோகரன்தான். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்தவர். இது தேறும், இது தேறாது என்று இரும்பைப் பிரித்துப் போட்டே ஆயுளைக் கழித்த மனிதரைப் பார்த்து ஒருவர் கூட, "பரவாயில்லையே, மனோகரன்" என்று சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்க மாடியில் பூத்திருந்த செம்பருத்தியைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டார். கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால், "கொஞ்சம் கைய வையேன்" என்று கோமளாவைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. சாயங்காலத்துக்குள் பதினைந்து பேர் எழுதிவிட்டார்கள். "மனோகரன் சார் கைராசியே ராசி!" "என்ன மண் கலவை சார்? ரகசியத்தை அவிழ்த்து விடுங்க!"

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவன் இல்லை, எல்லாம் என் மனைவி என்று இரண்டு வரி. சொல்லவில்லை. அந்தப் பாராட்டு இனித்தது. அதை விட மனசு வரவில்லை.

அதன் பிறகு ஒரு பொய் இன்னொரு பொய்யைக் கூட்டிக்கொண்டு வந்தது. மன்றத்தில் ஒருவர் மாவுப்பூச்சிக்கு மருந்து கேட்பார். மனோகரன் சாப்பாட்டு நேரத்தில், சும்மா கேட்பதுபோல, "இந்த வெள்ளை வெள்ளையா ஒட்டிகினு கீதே, அதுக்கு இன்னா அடிப்ப?" என்பார். கோமளா சோற்றைப் போட்டுக்கொண்டே வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், வெயில் ஏறுவதற்குள் அடிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்வாள். சாயங்காலம் அது மன்றத்தில் மனோகரனின் அனுபவமாக வந்துவிடும். வருஷக் கணக்கில் இப்படியே எழுதி, அவர் பெயருக்குக் கீழே 'மூத்த வளர்ப்பாளர்' என்று ஒரு தங்க நட்சத்திரமும் வந்து உட்கார்ந்தது.

மன்றத்துக்கு இரண்டாவது சட்டமும் உண்டு. சொந்தமாக வளர்த்த செடியை மட்டுமே போடலாம். சிவராமன் என்ற உறுப்பினர் தன் படங்களில் உள்ளவை மனைவி வளர்த்த செடிகள் என்று வாய் தவறி எழுதிவிட, ஒரு வாரம் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். மனிதர் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. சரியாக அந்தச் சமயம் பார்த்து, அம்பத்தூரில் ஆசிரியையாக இருந்த ஜெகதாம்பாள் என்ற உறுப்பினர் மனோகரனிடம் கேட்டார்: "சார், உங்க படங்கள்ல வர்ற கை யாரோடது? எவ்வளவு பதமா ஏந்தறாங்க! உங்க வீட்டம்மாவா?"

சிவராமன் பட்ட பாடு மனோகரன் கண் முன்னால் வந்து நின்றது. விரல் தானாக எழுதியது. "இல்லை மேடம். வீட்டு வேலைக்கு வரும் அம்மா."

கோமளாவின் அம்மா முத்தம்மாள் பாரிவாக்கத்தில் இருந்து அம்பத்தூர் வரை போய் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள். கோமளாவும் பாவாடை கட்டிய வயதில் அவளோடு போய்ப் படி துடைத்திருக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்று, "எம் பொண்ணு இனிமே ஒருத்தர் ஊட்டு வேலைக்கும் போவக் கூடாது நைனா" என்று முத்தம்மாள் கேட்டபோது, "என் ஊட்ல அவ மகாராணியாட்டம் இருப்பா" என்று வாக்குக் கொடுத்தவர் இதே மனோகரன்தான். எழுதி முடித்த பிறகுதான் அது அவருக்கு நினைவுக்கு வந்தது. அழிக்கப் போனார். அதற்குள் ஜெகதாம்பாள், "அந்தக் கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்று பதில் போட்டுவிட்டார்.

காலம் ஓடியது. ஆட்கள் வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டார்கள். மன்றத்தின் பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிடலாம். பழைய படங்களில் பாதி சாம்பல் நிறக் கட்டங்களாகி நின்றன. ஐந்தாறு பேர்தான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகு மனோகரன் அந்த ஐந்தாறு பேரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், தங்க நட்சத்திரம் அங்கே மட்டும்தான் செல்லும் என்பதால்.

அந்த நிலையில்தான் சம்பத் எழுதினார். "எனக்குக் கண் மங்கிவிட்டது. மன்றத்தை மூடலாம் என்றிருக்கிறேன். அதற்குள் ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிடுவோம். மனோகரன் சார் மாடியை விட்டால் வேறு எந்த இடம்? ஞாயிறு காலை, பூ வாடுவதற்குள் வருகிறோம்."

மனோகரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை கோமளாவிடம், "ரோஷினி ஊட்டுக்குப் போய்ட்டு வாயேன். பேரன் உன்னையே கேட்டுகினு கீறானாம்" என்றார். மகள் குத்தம்பாக்கம் பக்கம் புது ஃபிளாட்டில் இருக்கிறாள்.

கோமளா யோசித்தாள். "அந்த மூணாவது தொட்டி மொக்கு நாளைக்கு விரிஞ்சிரும் போல கீதுங்க."

மூன்றாவது தொட்டியில் இருந்தது அவள் மஞ்சளையும் சிவப்பையும் மகரந்தம் சேர்த்து, விதை பிடித்து, முளைக்க வைத்த செடி. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து முதல் மொக்கு. என்ன நிறத்தில் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் போய் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.

"நான் பாத்துக்கறேன், போ. விரிஞ்சா போட்டோ எடுத்து உடனே அனுப்பறேன்" என்றார் மனோகரன். அவள் மொக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பும் வரை அவர் வாசலில் நின்றார். பெரிய நிம்மதி வர வேண்டிய நேரம். வரவில்லை.

மறுநாள் காலை சம்பத், ஜெகதாம்பாள், திருமழிசையில் இருந்து ராஜசேகரன் என்று மூன்று பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாடியில் ஏறியதும் மூவரும் வாயடைத்துப் போனார்கள். மூன்றாவது தொட்டியில் பூ விரிந்திருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள், உள்ளே போகப் போகச் செங்கல் நிறம், அடியில் இருண்ட சிவப்பு. விரித்த கையை விடப் பெரியது.

"சார், கையக் கொடுங்க!" என்று ராஜசேகரன் மனோகரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பூவின் பக்கத்தில் போய் நின்றார். கோமளாவுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது மனோகரனுக்கு நினைவே இல்லை.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. படியில் தடதடவென்று ஏறும் சத்தம். "பூத்துச்சா? இன்னா கலருங்க?"

மொக்கை விட்டுவிட்டுத் தூங்க முடியாமல், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். பஸ் கூட்டத்தில் கசங்கிய புடவையும், தோளில் பையும், வியர்வையுமாக மாடிக்கு வந்தவள் நின்றிருந்தவர்களைக் கவனிக்கக்கூட இல்லை. நேராகத் தொட்டியிடம் போனாள். பையைக் கீழே போட்டுவிட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில் உள்ளங்கையை விரித்துப் பூவுக்குப் பின்னால் ஏந்தினாள்.

"அந்தக் கை!" என்று கூவினார் ஜெகதாம்பாள். "சம்பத் சார், பாருங்க, அதே தழும்பு! நீங்கதானாம்மா அது?"

கோமளா திரும்பிப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். தன்னைப் பற்றி வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்ற சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "ஆமாம்மா, நாந்தான்."

"இந்தக் காலத்துல ஒரே வீட்ல இத்தனை வருஷம் வேலைக்கு நிக்கறது பெரிய விஷயம்மா. சார் வீட்ல உங்கள நல்லா பார்த்துக்கறாங்களா?"

சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு கோமளா மனோகரனைப் பார்த்தாள். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் என் மனைவி. மூன்றே வார்த்தை. சொன்னால் மூன்று பேர் முன்னால் ஐந்து நிமிஷம் அசிங்கம், அவ்வளவுதான். மனோகரன் வாயைத் திறந்தார். மூடினார்.

"வீட்ல மேடம் இல்லையா சார்?" என்று சம்பத் கேட்டார்.

பதில் கோமளாவிடம் இருந்து வந்தது. "அவங்க ஊட்ல இல்ல சார். பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்காங்க."

சொல்லிவிட்டுக் கீழே போய்க் காப்பி போட்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். ராஜசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னபோது, "பரவால்ல சார்" என்று சுவரோரம் நின்றுகொண்டாள். மனோகரனுக்குக் கொடுத்த டம்ளரில் சர்க்கரை இல்லை. அவருக்குச் சர்க்கரை கூடாது. அந்த நேரத்திலும் அவள் அதை மறக்கவில்லை. 

ஜெகதாம்பாள் பையில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். பச்சைக் கண்ணாடி வளையல்கள். "உங்களுக்குன்னுதான் வாங்கிட்டு வந்தேன். எத்தனை வருஷமா இந்தக் கையப் பார்க்கறேன், அளவு தெரியாதா?" என்று கோமளாவின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். இறுகவும் இல்லை, தொங்கவும் இல்லை. கோமளா வளையலைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, பேர் வைங்க மனோகரன் சார்" என்றார் சம்பத். புதிதாக உண்டாக்கிய பூவுக்கு, வளர்த்தவர்தான் உறுப்பினர்கள் முன்னால் பெயர் வைக்க வேண்டும். அது மன்றத்து வழக்கம்.

மனோகரனுக்கு ஒரு வழி கிடைத்ததுபோல் இருந்தது. கோழைக்குக் கிடைக்கிற வழி. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோமளா" என்றார். "என் மனைவி பேரு."

"ஆகா! மேடம் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க!" என்றார் சம்பத். பிறகு போனைத் தூக்கிப் பிடித்து, "எங்க, கைய வைங்கம்மா, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார்.

கோமளா சுவரை விட்டு வந்தாள். பச்சை வளையல் போட்ட கையைப் பூவுக்குப் பின்னால் ஏந்தினாள். மனோகரனைப் பார்க்காமலே சொன்னாள்: "நல்ல பேரு சார்."

அவர்கள் கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. கோமளா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மனோகரன் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கோமளா..."

"எவ்ளோ சம்பளம்னு சொல்லி வச்சிருக்க?"

கல்யாணமான நாளில் இருந்து 'ங்க' போடாமல் அவரிடம் பேசாதவள் அவள்.

"அப்படியில்ல கோமளா. அன்னிக்கு ஏதோ ஒரு அவசரத்துல..."

"எங்கம்மா ஊடு ஊடா பாத்திரம் தேச்சுதான் என்னை வளத்துச்சு. அந்த வேலைய நான் கேவலமா நெனைக்கல. என்னைப் பொண்டாட்டின்னு சொல்றதுல உனக்கு இன்னா கேவலம்? அத்த மட்டும் சொல்லு."

அவரிடம் பதில் இருந்தது. அது அவள் நினைத்ததை விடவும் அற்பமான பதில். அவளால் தனக்குக் கேவலம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. பெயருக்குக் கீழே ஒரு நட்சத்திரம் போய்விடுமே என்று பயந்தார், அவ்வளவுதான். "செடியெல்லாம் நான் வளக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"அது மாடிலயே புரிஞ்சிது." அவள் குழாயை மூடினாள். "செடிய எடுத்துகினதுக்குக்கூட எனக்கு அவ்ளோ கோவம் இல்ல. பக்கத்துல வந்து ஒக்காந்து, இதுக்கு இன்னா மருந்து, அதுக்கு இன்னா ஒரம்னு கேப்ப. இந்த மனுசனுக்கு இப்பவாச்சும் நம்மகூடப் பேசணும்னு தோணுதேன்னு நான் சந்தோசப்பட்டுகினு இருந்தேன். எல்லாம் இதுக்குத்தானா?"

மனோகரனால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கூடத்தில் போய் உட்கார்ந்தார். வேலைக்காரி என்று எழுதியது ஒரு நாள் செய்த பாவம். இது அப்படியில்லை. ஒவ்வொரு நாளும், அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே செய்தது. தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் சம்பத் மன்றத்தில் படத்தைப் போட்டிருந்தார். கீழே குறிப்பு: "செடி: மனோகரன். பூ: கோமளா. கை: வீட்டு உதவியாளர்."

மனோகரன் அதற்குக் கீழே எழுதினார். "தவறு. செடி: கோமளா. பூ: கோமளா. கை: கோமளா. கோமளா என் மனைவி. இத்தனை நாள் நான் போட்ட எல்லாப் படங்களுக்கும், சொன்ன எல்லா யோசனைகளுக்கும் இதுதான் உண்மை." அனுப்பிவிட்டு, மாடிக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிய கோமளாவிடம் போனை நீட்டினார்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இத்த எத்தினி பேரு பாத்தாங்க?"

பக்கத்தின் அடியில் வழக்கமாக வருகிற வரி இருந்தது. இப்போது மன்றத்தில்: ஒருவர். அந்த ஒருவர் மனோகரன்தான்.

"அன்னிக்கு வேலைக்காரின்னு எழுதுனப்ப?"

அன்றைக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. 

"ஆளில்லாத எடத்துல எழுதிட்டு என்கிட்ட வந்து காட்றியா?" என்றாள் கோமளா. கோபம்கூட இல்லாமல், களைத்துப் போன குரலில் கேட்டாள். "மத்தவங்கள உடு. அந்த வளையல் போட்டுவிட்ட அம்மாவுக்கு போன் போடு. என் கையப் பாத்துட்டு, இது யாருன்னு கேட்டது அவங்க ஒருத்தங்கதான். என் எதுருல சொல்லு."

மனோகரன் போனைத் திரும்ப வாங்கினார். எண்ணைத் தேடி அழுத்தினார். கோமளா கையை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். வளையல் குலுங்கியது.

"சொல்லுங்க சார்!" ஜெகதாம்பாளின் குரலில் காலைச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. "வீட்டுக்கு வந்தும் அந்தப் பூவையேதான் பேசிட்டிருக்கேன். அந்த அம்மா கிளம்பிட்டாங்களா? வளையல் சரியா இருக்குன்னு சொன்னாங்களா?"

மனோகரன் கோமளாவைப் பார்த்தார். அவள் வாளியைத் தூக்காமல் அங்கேயே நின்றாள்.

"அவ எங்கயும் கிளம்பல மேடம். அவ ஊடு இது" என்றார். "அவதான் கோமளா. என் பொண்டாட்டி. செடியெல்லாம் அவளோடது. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

   ஜெகதாம்பாள் கேட்டார். குரல் மாறியிருந்தது. "அப்போ காலைல... நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு, எங்களுக்குக் காப்பி கொடுத்துட்டு, நின்னுக்கிட்டே இருந்தாங்களே சார்?"



கோமளா போனை அவர் கையில் இருந்து வாங்கினாள். "வளையல் சரியா கீதும்மா" என்றாள். "அடுத்த தபா வாங்க. ஒக்காந்து பேசலாம்."

போனை அவர் கையில் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.